இருண்ட திரையும் குன்றாத குரலும்

ஆலயத்தின் பாடகர் மாடத்தில் பழைய சிந்தசைசர் ஒன்று இருக்குமாயின், அதன் சிறு திரை என்றேனும் ஒருநாள் இருளும். உடனே பங்குப் பேரவையில் புதுக் கருவி வாங்கும் பேச்சும் எழும். நம் பங்கிலும் எழுந்தது. விசைகள் அனைத்தும் ஒலித்தன. ஆர்கன் ஒலியில் சிறு குறையும் இல்லை. ஆயினும் கருவி செத்துவிட்டது என்றே பலரும் தீர்ப்பிட்டனர். முகம் இருண்டால் உயிரே போயிற்று என எண்ணுவது மனித இயல்பு போலும். புதியதற்கு வசூல் என்றால் அது தினக்கூலி பெறும் குடும்பங்களிடமிருந்தே வரவேண்டும். எனவே தீர்ப்பைச் சற்றுத் தள்ளிவைத்தோம்.

1988-இல் கோர்க் எம்-1 வெளிவந்த காலத்தைச் சேர்ந்த கருவி அது. அக்காலக் கருவிகள் பலவற்றில் திரைக்குப் பின்னே பல்பு ஏதும் இராது. தாள்போன்ற மெல்லிய தகடு ஒன்றே ஒளிரும். அதனுள் துத்தநாக சல்பைடுத் தூள் பரப்பப்பட்டிருக்கிறது. மாறுதிசை மின்னழுத்தம் கிடைத்தால் அத்தூள் சூடேறாமலே நீலப்பச்சையாய் ஒளிர்கிறது. 1936-இல் பிரெஞ்சு அறிவியலார் ஜார்ஜ் டெஸ்ட்ரியோ விளக்கிய இயல்பு இது. ஒளிரும் ஒவ்வொரு மணிநேரமும் தூளின் திறன் சிறிது குறைகிறது. சில ஆயிரம் மணிநேரத்தில் வெளிச்சம் பாதியாகிவிடும். ஈரக்காற்று புகுந்தால் இன்னும் விரைவில். ஆகவே செய்தவரைக் குறைகூற இடமில்லை. (தன்னைத் தேய்த்து ஒளிதரும் பொருள் என்றதும் மறையுரை ஒன்று நாவில் ஊறத்தான் செய்கிறது. அடக்கிக்கொள்வோம்.)

முதற்சோதனைக்கு ஒரு டார்ச் விளக்கு போதும். சாய்வாக ஒளி பாய்ச்சியபோது ஒலிகளின் பெயர்கள் எழுத்துப் பிசகாமல் தென்பட்டன. திரையும் அதை இயக்கும் சுற்றும் நலமாயிருந்தன. எழுத்துக்களைக் காட்டித்தரும் ஒளி மட்டுமே போயிருந்தது.

அடுத்தது செவிக்குரிய சோதனை. அத்தகட்டுக்கு ஏறத்தாழ 100 வோல்ட் வேண்டும்; கருவியினுள் இருப்பதோ 5 வோல்ட் நேர்மின்சாரம். இதை அதுவாக மாற்றும் சிறு இன்வெர்ட்டர், வேலை செய்கையில் கொசுபோல் ரீங்கரிக்கும். ரீங்காரம் கேட்டும் திரை இருண்டிருந்தால் தகடே தேய்ந்தது எனப் பெரும்பாலும் கொள்ளலாம். ஓசையே இல்லையேல் இன்வெர்ட்டரையோ அதற்கு வரும் கம்பியையோ ஐயுறவேண்டும். மின்சாரம் ஓடும்போது அங்கே விரல் வைத்தல் ஆகாது. நம் கருவி நன்றாகவே ரீங்கரித்தது. நற்கருணை உட்கொண்டபின் நிலவும் அமைதியில் அவ்வொலி கேட்கும். மின்விசிறியின் ஓசை என்று பலரும் கருதி வந்தனர்.

திரை தெரியாவிட்டால்தான் என்ன என்று கேட்டோரும் உண்டு. பகல் திருப்பலிக்கு அக்கேள்வி பொருந்தலாம். பாஸ்கா திருவிழிப்புக்குப் பொருந்தாது. பெரிய வியாழன் வானவர் கீதத்திற்குப் பின், பாடலைத் தாங்குவதற்கன்றி ஆர்கன் இசைப்பதில்லை. திருவிழிப்பின் வானவர் கீதத்தில்தான் அது மீண்டும் முழங்கும். நம் ஆலயத்தில் அந்நேரம்வரை மின்விளக்குகள் அணைந்தே இருக்கும். அந்த இருளில் இசைப்பவர் ஒலியைத் தேர்ந்தாகவேண்டும். ஓர் எண் பிசகினால் ஆர்கனுக்குப் பதில் முரசு முழங்கும்!

பழுது நீக்க வழிகள் இரண்டு. புதுத் தகட்டை அளவாக வெட்டி, வெட்டிய ஓரத்தை ஈரம் புகாமல் மூடிப் பொருத்தலாம். ஒளி சீராகப் பரவும், ஆனால் அதுவும் ஒருநாள் தேயும். அல்லது எல்.ஈ.டி. பலகை பொருத்தலாம். அதற்கு இன்வெர்ட்டரின் இணைப்பை நீக்கி, தக்க மின்தடையுடன் 5 வோல்ட் தரவேண்டும். பழமையைக் காப்போர் முதலாவதை விரும்புவர். ஆலயத்துக்கு இரண்டாவதே ஏற்றது என்பது நம் கருத்து. இன்வெர்ட்டரோடு ரீங்காரமும் போய்விடுகிறதே!

ஊரில் வானொலி பழுதுபார்க்கும் பெரியவர் ஒரு மாலையில் வேலையை முடித்துத் தந்தார். ஒலிகளை நினைவில் வைத்திருக்கும் உள் மின்கலமும் பழையதென்று அவரே காட்டினார். அதைக் கழற்றினால் சேமித்த ஒலிகள் அழிந்துவிடும். பாடகர் குழுவினர் இப்போது அவற்றை மிடி வழியாகக் கணினியில் நகலெடுத்து வருகின்றனர்.