காத்து எத்தனை அடிக்கணும்?

அக்கா மகன் போன மாசம் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை வாங்கினான். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை. உள்ளே உட்கார்ந்தால் பக்கத்தில் வரும் பேருந்தின் சக்கரம் கண்ணுக்கு நேராக நிற்கும். வாங்கிய நாளிலிருந்து அவனுக்கு ஒரே தலைவலி, டயரில் காற்று எத்தனை வைப்பது? நண்பன் 32 என்கிறான். எண்ணெய் நிலையத்து இயந்திரம் எப்போது போனாலும் 230-ல் நிற்கிறது. கிள்ளானில் வழக்கமாகப் போகும் டயர்க்கடை அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு 36 என்கிறார். பாதிக் குழப்பம் அளவில்தான். ஒருவர் பிஎஸ்ஐ-யில் பேசுகிறார், இயந்திரம் கிலோபாஸ்கலில் பேசுகிறது. 1 பிஎஸ்ஐ என்பது ஏறக்குறைய 7 கிலோபாஸ்கல். அந்தக் கணக்கில் 32 என்றால் 220, 36 என்றால் 250.

போய்ப் பார்த்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, 45 வெள்ளிக்கு வாங்கிய டிஜிட்டல் அளவியோடு பிரிக்பீல்ட்ஸில் அவன் வீட்டு வாசலில் நின்றேன். ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் பூக்கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன.

"முதல்ல கதவைத் திறடா" என்றேன். ஓட்டுநர் பக்கத் தூணில் உள்ளங்கை அளவு ஸ்டிக்கர். முன்னால் 200, பின்னால் 200. ஒரு மாசமாக அந்தக் கதவைத் திறந்து மூடியவன் அதைப் பார்த்ததே இல்லை. "இவ்வளவு கம்மியா மாமா? ஸ்போர்ட்ஸ் கார் ஆச்சே!" என்றான். கம்மியாக இருக்கக் காரணம் உண்டு. இந்தக் கார் ஏறக்குறைய 1,100 கிலோதான். அந்த எடையும் முன்னுக்குப் பாதி, பின்னுக்குப் பாதி என்று பிரிகிறது. சுமை குறைவு, அதனால் காற்றும் குறைவு, முன்னும் பின்னும் ஒரே எண். போர்ஷே 911-க்கு இது பொருந்தாது. அதற்கு இன்ஜின் பின்னால் என்பதால் பின் டயருக்குக் கூடுதலாகக் கேட்பார்கள்.

டயரின் பக்கவாட்டைக் குனிந்து பார்த்தான். அதில் 350 என்று பொறித்திருந்தது. அது அந்த ரப்பர் தாங்கும் உச்சவரம்பு. எந்தக் காரில் மாட்டப் போகிறார்கள் என்று டயர் செய்தவருக்குத் தெரியாது. காருக்கு உரிய எண் கதவுத் தூணில்தான், அதுவும் ஆறிய டயருக்கு.

இரவெல்லாம் நின்ற டயர். அளந்தேன். முன்னால் இரண்டும் 212, பின் வலது 214, பின் இடது 196. இரண்டு வாரம் முன்பு நான்கிலும் ஒரே அளவுதான் அடித்தானாம். 196-ஐ நோட்டில் வட்டம் போட்டு வைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் தோசை சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு வந்து மறுபடி அளந்தேன். வலது பக்கம் வெயில். அந்தப் பக்க டயர்கள் இரண்டும் 6 ஏறியிருந்தன. கார் ஓர் அடிகூட நகரவில்லை.

ஃபெடரல் நெடுஞ்சாலையில் கிள்ளானுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். கோத்தா டாருல் ஏசான் வளைவைத் தாண்டி, பெட்டாலிங் ஜெயா, சுபாங் வழியாக ஓட்டம். பத்து தீகாவில் இப்போது டோல் இல்லை, 2018 தொடக்கத்திலேயே எடுத்துவிட்டார்கள். அங்கேதான் 1968-ல் திறந்த பந்தயத் தடம் இருந்தது. 2003-ல் மூடினார்கள். சின்ன வயதில் மோட்டார் சைக்கிள் பந்தயச் சத்தம் கேட்ட இடத்தில் இன்று வீடுகள். பையனுக்கு அது தெரியாது, அவன் கனவெல்லாம் செப்பாங். 5.543 கிலோமீட்டர், 15 வளைவு என்று ஒப்பிக்கிறான். அங்கே ஓட்டுகிறவர்கள் ஆறிய டயரில் காற்றைக் குறைத்துத்தான் கிளம்புவார்கள். சில சுற்றிலேயே டயர் கொதித்து எண் தானாக ஏறிவிடும். ஃபெடரல் நெடுஞ்சாலைக்கு அந்த வித்தை வேண்டாம்.

கிள்ளான் வந்ததும் அளந்தேன். முன்னால் 231, 231. பின்னால் 233, 214. இந்த அளவுக் காற்றில் 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 10 கிலோபாஸ்கல் கூடும், அதனால் வியப்பில்லை. பக்கத்து எண்ணெய் நிலையத்து இயந்திரமோ அதே 231-ஐ 223 என்று காட்டியது. இரண்டில் எது சரி என்று சண்டை போடாமல், நாள் முழுக்க ஒரே அளவியை நம்புவது என்று முடிவு செய்தேன்.

டயர்க்கடை ஜாலான் தெங்கு கிளானாவிலிருந்து கொஞ்சம் தள்ளி. ரப்பர் வாடை வாசலிலேயே மூக்கில் ஏறியது. சுவரில் விலைப்பலகை: நைட்ரஜன் ஒரு டயருக்கு 5 வெள்ளி, பங்சர் 15 வெள்ளி. "நைட்ரஜன் சூட்டுல ஏறாது தம்பி" என்றார் அண்ணன். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தானே என்றேன். சிரித்துக்கொண்டே குழாயை மாட்டினார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் நான்கிலும் 250. "கம்மியா வெச்சா எண்ணெய் குடிக்கும். மழையில வழுக்கும்."

மழை விஷயத்தில் அவர் சொன்னதைத் தள்ள முடியாது. சாலையில் நீர் தேங்கினால் டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பதற்கு விமானச் சக்கரங்களை வைத்துக் கண்ட பழைய சூத்திரம் ஒன்று உண்டு. அதில் 200-க்கு, அதாவது 29 பிஎஸ்ஐ-க்கு, மணிக்கு 90 கிலோமீட்டர் வருகிறது, 36-க்கு 100. வித்தியாசம் அந்தப் பத்துதான். அந்தப் பத்துக்காகத் தினமும் கல்லு மாதிரி டயரில் ஓட்டுவதைவிட, மழையில் காலை எடுப்பது சுலபம். பள்ளம் தேயாத டயரும் வேண்டும், 1.6 மில்லிமீட்டர் வந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

சொல்வதை விட்டு டயரையே கேட்கலாம் என்று புத்தகக்கடையில் 2 வெள்ளி 50 காசுக்கு ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கினேன். கோலப்பொடி பக்கத்திலேயே மலிவாகக் கிடைத்தது, ஆனால் ரப்பரில் ஒட்டாது. கடைவரிசைக்குப் பின்னால் காலி சந்து. முன் டயரின் குறுக்கே, இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் வரை தடித்த கோடு இழுத்தேன். "நேரா மெதுவா போ" என்றேன். ஐம்பது மீட்டர் போய் நின்றான். நடுவில் கோடு சுத்தமாகக் காணோம், இரண்டு ஓரத்திலும் வெள்ளை அப்படியே. டயர் நடுமுதுகில் மட்டும் நடந்திருக்கிறது.

காற்றைப் புஸ்ஸென்று இறக்கினோம். டயர் இன்னும் சூடு, அதனால் 200 வைக்கவில்லை, 220-ல் நிறுத்தினோம். மறுபடி கோடு, மறுபடி ஐம்பது மீட்டர். இந்த முறை ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே மாதிரி அழிந்திருந்தது. பையன் மண்டியிட்டு போட்டோ எடுத்தான்.

பின் இடது டயருக்குக் கோடு போடும்போது சாக்பீஸ் எதிலோ தட்டி உடைந்தது. விரலால் தடவினேன். பள்ளத்துக்குள் ஒரு திருகாணியின் தலை, தேய்ந்து பளபளவென்று. எச்சில் தொட்டு வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்னக் குமிழி. காலையில் வட்டம் போட்ட 196 இதுதான். இந்தக் காரில் மாற்று டயர் கிடையாது, பின்பெட்டியில் பசை ஊற்றும் சாமான் மட்டும்தான்.

மெதுவாக ஓட்டிக்கொண்டு அண்ணன் கடைக்கே திரும்பினோம். 15 வெள்ளி. திருகாணியைப் பிடுங்கி என் கையில் வைத்தார், ஒரு அங்குலம் இருக்கும். அடைத்து முடித்து, குழாயைக் கையில் பிடித்தபடி "எத்தனை தம்பி?" என்றார்.

"220 வைங்கண்ணே. ஆறினா 200-க்கு வந்துரும்."

"ரொம்ப கம்மி லா" என்று முனகிக்கொண்டே வைத்தார்.

திங்கள் காலை 6.50-க்கு வாட்ஸ்அப்பில் நான்கு எண்கள் வந்தன: 201, 200, 200, 199. கீழே ஒரு வரி: "மாமா, அந்த ஒண்ணு ஏன் குறையுது?"