பிறர் பொருட்டுப் பேசுதல்

மதரஸாவில் அரபும் தமிழும் ஓதி வளர்ந்த நமக்கு ஆங்கிலம் பிற்காலத்தில் வந்து சேர்ந்த மொழி. அம்மொழியில் நம்மை நெடுநாள் சிந்திக்க வைத்தவை, ஒரு கருத்துக்குச் சார்பாகப் பேசுவதைக் குறிக்க ஆங்கிலேயர் கையாளும் சொற்களாகும். ‘ஆதரித்துப் பேசினார்’ என்று நாம் ஒரே தொடரில் சொல்லிவிடுவதை அவர்கள் பலவாறு பகுத்துச் சொல்கின்றனர்.

‘சப்போர்ட்’ என்னும் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. கீழிருந்து தாங்குதல் என்பது அதன் மூலப்பொருள். ‘சாம்பியன்’ என்பது களத்தில் இறங்கிப் பொருதவனைக் குறித்த சொல். ‘பிலீவ் இன்’ என்றால் நெஞ்சம் அதனை ஏற்றுக்கொண்டது என்று பொருள். ஆனால், ‘ஆர்க்யூ ஃபார்’ என்னும் தொடர் வாதம் நிகழ்ந்ததைத்தான் உரைக்கும். வாதித்தவரின் உள்ளம் எங்கே நின்றது என்பதை அது உறுதி செய்வதில்லை. ‘அட்வகேட்’ என்பதோ இருமுகச் சொல். பெயராக நிற்கையில், துணைக்கு அழைக்கப்பட்டு வந்து பிறருக்காகப் பேசுபவர்; வினையாக வருகையில், தாமே விரும்பி ஒன்றைப் பரிந்துரைத்தல்.

‘டெவில்ஸ் அட்வகேட்’, அதாவது ஷைத்தானின் வக்கீல், என்றும் ஒரு வழக்கு அவர்களிடம் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை ஒருவரைப் புனிதர் என அறிவிக்குமுன், அவருக்கு எதிரான ஐயங்களை எழுப்புவதற்கென்றே ஓர் அலுவலரை வைத்திருந்தது. 1587இல், போப் ஐந்தாம் சிக்ஸ்துஸ் காலத்தில் அப்பதவி நிறுவப்பெற்றது. 1983இல் போப் இரண்டாம் ஜான் பால் செய்த சீர்திருத்தத்தால் அதன் பழைய நிலை மாறியது. எனினும் சொல் வாழ்கிறது. தமக்கு உடன்பாடில்லாத ஒன்றைச் சோதித்துப் பார்க்கப் பேசுவோர் இன்றும் இச்சொல்லை முதலில் அறிவித்துவிட்டே தொடங்குவர்.

இச்சொல்லாராய்ச்சி நமக்கு ஒருநாள் பயன்பட்டது. நண்பர் ஒருவரின் மகளுக்குக் கல்லூரியின் ஆங்கிலச் சொற்போரில், தேர்வுகளை ஒழிக்கவேண்டும் என்னும் பக்கம் சீட்டுக் குலுக்கலில் வந்தது. அப்பெண்ணோ தேர்வு வேண்டும் என்பவள். அஸர் தொழுகைக்குப் பின் நண்பர் நம்மிடம் வந்து, “ஹஜ்ரத், மனத்தில் இல்லாததை நாவால் பேசுவது பொய்யாகாதா? பிள்ளைக்கு இதைப் பழக்கலாமா?” என்று வினவினார். பெண்ணைப் போட்டியிலிருந்து நிறுத்திவிடும் எண்ணம் அவர் முகத்தில் தெரிந்தது.

நிக்காஹ் மஜ்லிஸை நினைவூட்டினோம். மணமகளின் இசைவைப் பெற்றுவந்து அவையில் உரைக்கும் வக்கீல் தம் இசைவையா உரைக்கிறார்? அரபியில் ‘வகீல்’ என்றால் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர். யார் சார்பில் பேசுகிறார் என்பது அவையோர் அனைவருக்கும் தெரியும். ஆகவே அங்கே பொய்க்கு இடமில்லை. சொற்போர் மேடையும் அத்தகையதே. பக்கம் பகிர்ந்தளிக்கப்பட்டது என்பதைக் கேட்போர் அறிவர்.

ஆயினும் இதில் இடர் இல்லாமல் இல்லை என்பதையும் எடுத்துரைத்தோம். 1933 பிப்ரவரி 9ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் மன்றத்தில், அரசருக்காகவும் நாட்டிற்காகவும் எந்நிலையிலும் போரிடுவதில்லை என்னும் தீர்மானம் விவாதிக்கப்பட்டு, 275க்கு 153 என்ற வாக்குகளில் வென்றது. வாக்களித்தோரில் மெய்யாகவே போரை வெறுத்தோரும் உண்டு. வாதத்தின் திறத்தை மெச்சி வாக்களித்தோரும் உண்டு. மன்றத்திற்கு வெளியே அந்த வேறுபாட்டைக் கருதுவார் குறைவு. இளைஞர் கோழைகளாயினர் என்று பத்திரிகைகள் சீறின. சர்ச்சிலும் கடுமையாகக் கண்டித்தார். 1939இல் போர் மூண்டபோதோ, அப்பல்கலைக்கழக மாணவர் பெருந்தொகையாகப் படையிற் சேர்ந்தனர்.

“மகள் பேசட்டும். வீடு திரும்பியதும், ‘உன் கருத்து என்னம்மா?’ என்று கேளுங்கள், அப்போது நெஞ்சில் உள்ளதைச் சொல்லட்டும்” என்றோம். நண்பர் இசைந்தார்.

நாம் அஞ்சவேண்டியது அப்பெண்ணின் மேடைப்பேச்சை அன்று. கூலி பெற்றுக்கொண்டு பிறர் சரக்கையும் பிறர் கொள்கையையும் புகழ்ந்துவிட்டு, அதனைத் தம் நெஞ்சின் குரல்போலக் காட்டுவோரையே அஞ்சுதல் வேண்டும். யாருக்காகப் பேசுகிறோம் என்பதைக் கேட்போருக்கு முதலில் தெரிவித்துவிடும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போமாக.