லடாக்குக்கு எந்த லேப்டாப்?

ஷோரூம் ஏ.சி.யில் எல்லா லேப்டாப்பும் நன்றாகத்தான் இருக்கும். லே விமான நிலையத்தில் இறங்கினால்தான் சங்கதி தெரியும். லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரம். ஒரு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறது. முதல் இரண்டு நாள் ஓய்வெடுங்கள் என்கிறார்கள் ஊர்க்காரர்கள். அந்த நிலையில், தோளில் தொங்கும் இரண்டரை கிலோ லேப்டாப் அரிசி மூட்டையாகக் கனக்கும்.

மெல்லிய காற்று மனிதர்களை மட்டும் படுத்துவதில்லை. பழைய லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க்கில், சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் நடுவே இருப்பது காற்றுப் படலம்தான். காற்று அடர்த்தி குறைந்தால் முனை தட்டில் உரசலாம். பல ஹார்டு டிஸ்க்குகளுக்குத் தயாரிப்பாளர்களே குறிப்பிடும் உயர வரம்பு 3,048 மீட்டர். லே நகரமே அதைத் தாண்டிவிட்டது. பாங்காங் ஏரி 4,200 மீட்டருக்கும் மேலே. கர்துங் லா கணவாய் 5,300-க்கும் மேலே!

எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவும் இல்லை. ஆகவே உறுதியான லேப்டாப் தேடுபவர்கள் முதலில் கேட்க வேண்டியது, உள்ளே எஸ்.எஸ்.டி. இருக்கிறதா என்றுதான். படங்களைப் பிரதி எடுக்கக் கொண்டுபோகும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கும் இதே விதி. இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது. போஸ்ட்பெய்ட் இருந்தாலும் மலைக்குள் போனால் சிக்னல் கிடைப்பது அதிர்ஷ்டம். டிஸ்க் போனால், அன்று எடுத்த படங்களும் போச்சு.

‘ராணுவத் தரம்’ என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம். எம்.ஐ.எல்.-எஸ்.டி.டி.-810 என்பது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளின் தொகுப்பு. அதில் எந்தெந்தச் சோதனைகளைச் செய்வது என்பது தயாரிப்பாளர் விருப்பம். கடையிலேயே திரையைத் திறந்து, ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். உடல் வளைந்து நெளிந்தால் லடாக்கின் கல் ரோட்டுக்குச் சரிப்படாது.

எடை பார்க்கும்போது சார்ஜரையும் சேர்த்தே பாருங்கள். 1.2 கிலோ லேப்டாப்புக்கு அரை கிலோ சார்ஜர் என்றால் என்ன லாபம்? போனுக்கும் லேப்டாப்புக்கும் ஒரே டைப்-சி சார்ஜர் போதும் என்றால் பாதி பாரம் குறையும்.

பாங்காங் கரைக் கூடாரத்தில் இரவுக் குளிர் உறைநிலைக்குக் கீழே இறங்கும். அந்தக் குளிரில் சார்ஜ் போட்டால் பேட்டரி கெடும். லேப்டாப்பைக் கம்பளிக்குள் சுற்றி வைப்பது நல்லது. குளிரிலிருந்து சூடான அறைக்குள் வந்ததும் பையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். ஒரு டீ குடித்துவிட்டு வந்து திறக்கலாம்.