நானும் ஒரு இணையப் பாடம் தயாரித்தேன்

பாடம் எடுப்பதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது, தெரிந்ததைப் பேசினால் போதுமே என்றுதான் நானும் நினைத்திருந்தேன். போன செமஸ்டர் விடுமுறையில் கணக்குப்பதிவியல் அடிப்படைகளை வைத்து ஒரு இணையப் பாடம் தயாரிக்க உட்கார்ந்த பிறகுதான் உண்மை புரிந்தது.

ஆசை வந்தது காசினால்தான். பி.காம் படிக்கிறவன் வேறு எதைக் கணக்குப் போடுவான்? யுடெமி தளத்தில், நாம் தரும் கூப்பன் மூலம் ஒருவர் பாடத்தை வாங்கினால் 97 சதவீதம் நமக்கு. தளமே ஆளைப் பிடித்துத் தந்தால் 37 சதவீதம். வரி, கழிவுகள் போக 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒன்றில் 485 ரூபாய், இன்னொன்றில் 185 ரூபாய். ஆள் சேர்ப்பவருக்குத்தான் பெரிய பங்கு! எனக்கு யாரைத் தெரியும்? சித்தி பெண்ணைத் தெரியும். பதினொன்றாம் வகுப்பு, தமிழ் வழி, வணிகவியல் பிரிவு. சரி, முதல் மாணவி அவளே. கட்டணம் கிடையாது.

மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, எதிரொலி வராமல் இருக்கச் சுவரில் போர்வையைத் தொங்கவிட்டு, வியர்க்க விறுவிறுக்க 40 நிமிடம் ஒரே மூச்சாகப் பேசிப் பதிவு செய்தேன். அனுப்பி இரண்டு நாள் கழித்துக் கேட்டேன்.

"பாத்தியா?"

"பாத்தேண்ணா... எட்டு நிமிஷம் வரைக்கும். அப்புறம் அம்மா கூப்பிட்டாங்க."

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எட்எக்ஸ் தளத்தின் நான்கு பாடங்களில் 69 லட்சம் முறை வீடியோக்கள் பார்க்கப்பட்டதை அலசி 2014-இல் வந்த ஓர் ஆய்வும், ஆறு நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள் என்றுதான் சொல்கிறது. 40 நிமிடத்தை ஏழு துண்டுகளாக நறுக்கினேன்.

2017-இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வயம் தளத்தில் ஒரு பாடத்துக்கு நான்கு பகுதிகள் வேண்டும். வீடியோ, படிக்கக் குறிப்பு, தன்னைத் தானே சோதித்துக்கொள்ளக் கேள்விகள், சந்தேகம் கேட்க ஓர் இடம். முதல் மூன்றையும் நானும் செய்துவிட்டேன். நான்காவது சும்மா ஒப்புக்கு என்று விட்டுவிட்டேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று அன்று இரவே தெரிந்தது. போனில் கேட்டாள்:

"அண்ணா, பணம் வந்தா வரவுதானே? அப்பா டைரியில அப்படித்தான் எழுதுவாரு. நீ ஏன் பற்றுன்னு சொல்ற?"

"உள்வருவதைப் பற்று வை. அதான் விதி."

"விதி சரிண்ணா. ஏன்?"

என்னிடம் பதில் இல்லை. பள்ளியிலும் கல்லூரியிலுமாக நான்கு வருடத்துக்கு மேல் இதைத்தான் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். ஒரு நாளும் அந்த 'ஏன்' எனக்குத் தோன்றவே இல்லை. மனப்பாடம் செய்ததைக் காசுக்கு விற்கக் கிளம்பியிருக்கிறோமே என்று வெட்கமாகிவிட்டது.

விடை எங்கள் தெரு மளிகைக் கடையில் இருந்தது. அங்கே எங்கள் வீட்டுக்கு ஒரு பற்று வரவு நோட்டு உண்டு. அரிசி வாங்கினால் எங்கள் பெயரில் பற்று. பணம் கட்டினால் வரவு. வாங்கிக்கொண்டவர் பெயரில் பற்று, கொடுத்தவர் பெயரில் வரவு, அவ்வளவுதான். இப்போது கடையின் கல்லாப்பெட்டியையும் ஓர் ஆளாக நினைத்துப் பாருங்கள். பணம் வந்தால் வாங்கிக்கொண்டது பெட்டி. ஆகவே பெட்டியின் பெயரில் பற்று! நாம் வங்கியில் பணம் போட்டால் பாஸ்புக்கில் வரவு என்று விழுவதும் இதனால்தான். அது வங்கி எழுதும் நோட்டு. அதில் கொடுத்தவர் நாம். சித்தப்பா டைரியில் எழுதும் 'வரவு' வேறு. வீட்டுக்கு வந்த பணத்தை அவர் அப்படிச் சொல்கிறார். ஒரே சொல், இரண்டு வேலை. தமிழ் வழியில் படிக்கும் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

முதல் பாடத்தை அழித்துவிட்டு மறுபடி பதிவு செய்தேன். இப்போது அது வரையறையில் தொடங்கவில்லை, மளிகைக் கடை நோட்டில் தொடங்குகிறது. ஐந்தரை நிமிடம்தான். முழுவதும் பார்த்துவிட்டு அவள் சொன்னது: "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்லண்ணா?"

பாடம் தயாரிக்க நினைக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நல்ல மைக், நல்ல கேமரா எல்லாம் பிறகு வாங்கிக்கொள்ளலாம். முதலில் தயங்காமல் 'ஏன்' என்று கேட்கும் ஒரே ஒரு மாணவரைப் பிடியுங்கள். நமக்கு எது தெரியாது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

என் பாடம் இன்னும் விற்பனைக்குப் போகவில்லை. ஏழில் நான்கைத்தான் திருத்தியிருக்கிறேன். ஐந்தாவது, தேய்மானம். அதில் என்ன 'ஏன்' வைத்திருக்கிறாளோ, நினைத்தாலே பயமாக இருக்கிறது!