ஹல்லாவும் ஒரு இன்டர்னலும்

பவர் சிஸ்டம்ஸ் இன்டர்னலுக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டல்ல 'உமன் அட் வார்' பார்த்தேன். 2018-ல் வந்த ஐஸ்லாந்து படம். பாடகர் குழுவை நடத்துற ஹல்லா, அம்பில் கம்பியைக் கட்டி ஹைடென்ஷன் லைன் மேல எய்து, அலுமினிய ஆலைக்குப் போற கரன்ட்டை நிறுத்துறாங்க. இ.இ.இ பசங்க கண்டிப்பா பாருங்க! ஹல்லாவும், அவங்களோட இரட்டைச் சகோதரி ஆசாவும் ஒரே ஆள்தான்: ஹால்டோரா கெய்ர்ஹார்ஸ்டோட்டிர். ரெண்டு பேரும் சந்திக்கிற சீன்லகூட எனக்குச் சந்தேகம் வரல.

இளவயசில் ஒரு ராக் பேண்டில் சாக்ஸபோன் வாசிச்சவங்க. அப்புறம் ரெய்க்யவிக்கில் வருஷக்கணக்கா மேடை நாடகம். இந்தப் படம் வந்தப்போ வயசு ஐம்பது கிட்ட.

எனக்கு இருபத்தொண்ணு. "ப்ளேஸ்மென்ட் வந்தாச்சு, இனி நாடகம் எதுக்கு?"ன்னு அப்பா கேட்டார். நானும் சரின்னுட்டேன்.

இன்டர்னல் சுமாராத்தான் போச்சு. சாயங்காலம் ரிகர்சலுக்குப் போனேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லல.