டெலஸ்கோப் வாங்கும் முன்



"சார், பையன் நட்சத்திரம் பார்க்கணும்னு அடம் பிடிக்கிறான், எந்த டெலஸ்கோப் வாங்கலாம்?" இந்த மாதம் மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். மூவருக்கும் ஒரே பதில்தான். இப்போதைக்கு டெலஸ்கோப் வேண்டாம்.

முதலில் மொட்டை மாடியில் ஒரு பாயும் தலையணையும் போடுங்கள். நின்றபடி அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலித்து, பத்து நிமிடத்தில் பிள்ளை டிவி பார்க்க இறங்கிவிடும். அடுத்து, சிவப்பு வெளிச்சம். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஒருமுறை செல்போனைத் திறந்தால் அத்தனையும் வீண். சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகக் கெடுக்காது. அதற்கென்று தனி டார்ச் வாங்காதீர்கள். வீட்டு டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை மடித்து வைத்து ரப்பர் பேண்ட் போட்டால் போதும்.

செலவு செய்தே தீருவேன் என்றால் பைனாகுலர் வாங்குங்கள். 10×50 நல்லது: பத்து மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் அகலம் 50 மி.மீ. கை ஆடும். முழங்கையைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிக்கொண்டால், கலிலியோ 1610-இல் கண்ட வியாழனின் நான்கு நிலவுகளும் சிறு புள்ளிகளாகத் தெரியும்.

ஏற்கெனவே டெலஸ்கோப் வாங்கிவிட்டவர்கள் இன்றே அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். சில மலிவான பெட்டிகளில், கண் வைக்கும் லென்சில் திருகிக்கொள்ள ஒரு கறுப்புக் கண்ணாடி இருக்கும். சூரியனைப் பார்க்கவாம்! அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள். குவிந்து வரும் வெயில் முழுவதும் அந்தச் சின்னக் கண்ணாடியில்தான் இறங்குகிறது. சூட்டில் அது விரிசல் விட்டால், கண்ணை எடுப்பதற்குள் பார்வை போய்விடும். விழித்திரைக்கு வலி தெரியாது, பிள்ளை கத்தக்கூட மாட்டான். சூரிய ஃபில்டர் என்றால் குழாயின் முன்வாயை முழுதாக மூடுவதாக இருக்க வேண்டும். பைனாகுலரையும் பகலில் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பெட்டியில் 525 மடங்கு என்று அச்சடித்திருப்பதையும் நம்பாதீர்கள். 60 மி.மீ. லென்சுக்கு 120 மடங்கைத் தாண்டினால் எல்லாம் மங்கல்தான்.

கார்த்திகை மாதம் இருட்டியதும் கிழக்கே கார்த்திகைக் கூட்டம் எழும். வெறும் கண்ணுக்கு ஆறு. பைனாகுலரில் எத்தனை என்று பேரப்பிள்ளைகளை எண்ணச் சொல்லி எனக்கு எழுதுங்கள்.