கேஸ் கட்டும் ஓ.பி. சீட்டும்

எம்.ஏ. தமிழ் படித்தபோது பித்து என்றால் பக்தி என்று சொல்லிக் கொடுத்தார்கள். சிவனைப் பித்தன் என்று கூப்பிட்டுத்தான் சுந்தரர் பாடவே தொடங்கினார். பேராசிரியர் அதை உருகி உருகி நடத்துவார். அகத்திணையில் தலைவனுக்குப் பித்துத் தலைக்கேறினால் பனைமடலில் குதிரை செய்து ஊர்த்தெருவில் ஏறி வரலாம். அதற்கு மடலேறுதல் என்று பெயர் வைத்து இலக்கணம் எழுதியிருக்கிறார்கள். சேரிக்காரனுக்குப் பித்துப் பிடித்து ஊர்த்தெருவுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று எந்த உரையாசிரியரும் எழுதி வைக்கவில்லை. அந்தப் பாடத்தை நான் போலீஸ் ஸ்டேஷனில்தான் படித்தேன். அங்கே அதற்குப் பெயர் செக்‌ஷன்.

எங்கள் பக்கத்தில் ஊர்த்தெருவில் ஒருவருக்கு மனம் கலங்கினால் 'புள்ளைக்கு ஒடம்பு முடியல' என்பார்கள். கார் வரும், டவுனில் தனியார் டாக்டரிடம் போவார்கள். இடையில் எதையாவது உடைத்திருந்தாலும் காசைக் கொடுத்துப் பேசி முடித்துவிடுவார்கள். காலனியில் ஒருவனுக்கு அதே நோய் வந்தால் 'குடிச்சிட்டு ரவுசு பண்றான்' என்பார்கள். ஜீப் வரும். நோய் ஒன்றுதான், வருகிற வண்டிதான் வேறு.

என் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை. சென்னையில் கட்டட வேலைக்குப் போனவன், காதில் யாரோ பேசுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தான். பெரியம்மா முதலில் மந்திரிக்கக் கூட்டிப் போனது, கோயிலில் படுக்க வைத்தது, தர்காவில் கயிறு கட்டியது. பிறகு யாரோ சொல்லி மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போனார்கள். மாத்திரையும் மாதம் ஒரு ஊசியும் கொடுத்தார்கள். மனுசன் தேறினான். ஏர் ஓட்டினான், வரப்பு வெட்டினான், சிரித்துப் பேசினான். ஆனால் மாத்திரை வாங்கப் போகிற நாள் பெரியம்மாவுக்குக் கூலி போகிற நாள். சில தடவை போனால் 'மாத்திரை ஸ்டாக் இல்ல, அடுத்த வாரம் வா' என்பார்கள். அடுத்த வாரம் இன்னொரு நாள் கூலி போகும்.

2019 ஆடி மாதம் அப்படி மாத்திரை விட்டுப்போன நேரத்தில், ஊர் பஸ் ஸ்டாப்பில் நின்ற டவுன் பஸ் கண்ணாடியைக் கல்லால் அடித்துவிட்டான். யாருக்கும் காயமில்லை. ஊர்க்காரர்கள் அவனை லைட்டுக் கம்பத்தில் கட்டினார்கள். சாதிப் பேரைச் சொல்லி அடித்தார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் போலீஸ் வந்து கட்டை அவிழ்த்து ஏற்றிக்கொண்டு போனது. கட்டியவர்கள் மேல் வழக்கு இல்லை. கட்டப்பட்டவன் மேல் பொதுச்சொத்துச் சேதம், ஆபாசப் பேச்சு, கொலை மிரட்டல் என்று வழக்கு.

நான் ஸ்டேஷனுக்குப் போனபோது பெரியம்மா வாசலில் நின்றிருந்தது. முந்தானையில் முடிந்திருந்த ஓ.பி. சீட்டை எடுத்து நீட்டியது. "ஐயா, எம் புள்ளைக்குத் தலைக்குச் சரியில்லீங்க. பெரியாஸ்பத்திரி சீட்டுங்க இது."

அதிகாரி சீட்டைக் கையில் வாங்கவில்லை. "பைத்தியம்னா எப்படிம்மா குறி பாத்துக் கண்ணாடியில அடிப்பான்? ஒழுங்காத்தான இருக்கான்" என்றார்.

ரிமாண்டுக்கு முன்னால் மருத்துவச் சான்று வாங்க வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு அவனைக் கூட்டிப் போனது எந்த ஆஸ்பத்திரிக்குத் தெரியுமா? மூன்று வருடமாக அவனுக்கு ஊசி போட்ட அதே ஆஸ்பத்திரிக்குத்தான். கேஷுவாலிட்டிக்கும் மனநலப் பிரிவுக்கும் நடுவில் ஒரு வராந்தா, நடந்தால் ஐம்பது தப்படி இருக்கும். அந்தப் பக்கம் பூட்டிய அறையில் அவனுடைய பழைய நோட்டு இருந்தது. இந்தப் பக்கம் டியூட்டி டாக்டர் காயங்களை எண்ணி எழுதி, சுயநினைவோடு இருக்கிறார் என்று கையெழுத்துப் போட்டார். ஒரே கூரைக்குக் கீழே இருந்த இரண்டு காகிதங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. மாஜிஸ்திரேட் கையில் போய்ச் சேர்ந்தது ஒரு காகிதம்தான்.

ஜெயிலில் மாத்திரை நின்றுபோனது. பெரியம்மா கொண்டுபோன மாத்திரையை 'வெளி மாத்திரை உள்ள விட மாட்டோம்' என்று திருப்பினார்கள். உள்ளே மனநல டாக்டர் கிடையாது. விசாரணைக் கைதியைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது. ஆனால் அண்ணனுக்குக் கக்கூஸ் கழுவுகிற வேலை கிடைத்தது. அவன் நோய் தெரியாதவர்களுக்கு அவன் சாதி தெரிந்திருந்தது. சிறைக் கையேடுகளில் சாதி பார்த்துத் துப்புரவு வேலை ஒதுக்கும் விதிகள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2024 அக்டோபர் 3-ஆம் தேதிதான். பத்தொன்பதாம் நாள் நான் மனு போட்டுப் பார்த்தபோது அண்ணனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

வெளியே எடுத்தது ஒரு வழக்கறிஞர் தோழர். அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 328, 330 பிரிவுகளில் மனுப் போட்டார். குற்றம் சாட்டப்பட்டவருக்கு மனநோய் என்று தோன்றினால் மாஜிஸ்திரேட் மருத்துவரிடம் அனுப்பிச் சோதிக்க வேண்டும். உள்நோயாளியாக வைக்கத் தேவையில்லை என்றால், உறவினரோ நண்பரோ தொடர்ந்து சிகிச்சைக்குக் கூட்டிப் போகிறேன் என்று உறுதி கொடுத்தால் ஜாமீனில் விடலாம். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சட்டத்தில் இவை 367, 369. மாஜிஸ்திரேட் மனுவைப் படித்தார், உத்தரவு போட்டார், டாக்டர் அறிக்கை வந்தது, அண்ணன் வந்தான். படித்துப் பார்த்திருந்தால் முதல் நாளே நடந்திருக்க வேண்டியது.

உறுதிப் பத்திரத்தில் பெரியம்மா கைநாட்டு வைத்தது. வெளியே வந்து என்னிடம் கேட்டது: "ஏம் பாப்பா, மூணு வருசமா நான் இதத்தான செஞ்சிக்கிட்டிருக்கேன்? இதுக்கு எதுக்குக் கைநாட்டு?"

அதற்கப்புறம் கட்டிவைத்து அடித்ததற்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கப் போனோம். "சாதிப் பேரச் சொன்னத யாரு கேட்டது? அவன்தான? பைத்தியம் சொல்றத வச்சு எப்படிம்மா கேஸ் போடறது?" என்றார்கள். போன மாதம் ஒழுங்காக இருந்தவன் இந்த மாதம் பைத்தியமாகிவிட்டான். தோழர்களே, இதுதான் விசயம். குற்றவாளிக் கூண்டு என்றால் அவன் தெளிவானவன், சாட்சிக் கூண்டு என்றால் பைத்தியம். அவன் நோய் உண்மையா பொய்யா என்பதை டாக்டர் முடிவு செய்யவில்லை, ஊருக்கு எது தோதோ அது முடிவு செய்தது. மனநோய் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவரைச் சாட்சி இல்லை என்று தள்ள முடியாது, கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொல்ல முடிந்தால் போதும் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 118-ஆம் பிரிவே சொன்னது. புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது ஒரு மனு ரசீது மட்டும். பஸ் கண்ணாடி வழக்கில் அண்ணன் 2022-இல் விடுதலையானான். கம்பத்தில் கட்டிய வழக்கு பிறக்கவே இல்லை.

சட்டம் இல்லாமலா இதெல்லாம் நடந்தது? 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில், தனியார் காப்பகத்தில் சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் தீயில் கருகிச் செத்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது. அதற்கு முன்பே, 1993-இல் ஷீலா பார்சே வழக்கில், குற்றம் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் வைப்பது சட்டவிரோதம் என்று அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. 2017-இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. 2018 மே 29 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 100-ஆம் பிரிவைப் படியுங்கள். மனநோயால் அலைகிறவரையோ, தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருக்கிறவரையோ பாதுகாப்பில் எடுப்பது ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியின் கடமை. 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அப்படி எடுத்தவரை எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. 103-ஆம் பிரிவின்படி சிறை மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். மாநிலத்தில் ஒரு சிறையிலாவது மனநலச் சிகிச்சைப் பிரிவு அமைக்க வேண்டும். 27-ஆம் பிரிவின்படி இலவசச் சட்ட உதவி உண்டு என்று நோயாளிக்குச் சொல்வது போலீசுக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் டாக்டருக்கும் கடமை. அண்ணனை இந்தச் சட்டத்தின் கீழ் எடுத்திருக்கலாம். சட்டம் வந்து ஒரு வருடம் ஆகியும் எடுக்கவில்லை.

சட்டத்துக்கும் மனுசனுக்கும் நடுவில் இருக்கிற அந்த ஐம்பது தப்படியை யார் நடப்பது என்பதுதான் கேள்வி. அசாமில் மச்சாங் லாலுங் என்ற பழங்குடி மனிதர் 1951-இல் கைதானார். மனநல மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். 1967-இல் மருத்துவமனை, இவர் நலமாகிவிட்டார் என்று எழுதியது. வீட்டுக்கு அனுப்பவில்லை, விசாரணைக்கும் கொண்டுபோகவில்லை, சிறைக்கு மாற்றினார்கள். 2005-இல்தான் வெளியே வந்தார். 54 வருடம். மருத்துவமனை தன் வேலையைச் செய்ததாக நினைத்தது, சிறை தன் வேலையைச் செய்ததாக நினைத்தது, நீதிமன்றம் அவரை மறந்தே போனது. நடுவில் கேட்க ஆளில்லாதவன் மாட்டிக்கொண்டான். அவன் பழங்குடியாக இருந்தது தற்செயலா?

இந்தியச் சிறைகளில் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள் என்று 2022-ஆம் ஆண்டின் அரசுப் புள்ளிவிவரமே சொல்கிறது. மக்கள்தொகையில் 16.6 சதவீதமாக இருக்கிற நாம் சிறையில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இருக்கிறோம். ஆகவே ஆஸ்பத்திரியையும் கோர்ட்டையும் இணைப்பது கலெக்டர் ஆபீஸ் கூட்டத்தில் அதிகாரிகள் டீ குடித்துக்கொண்டு பேசுகிற நிர்வாக விசயம் என்று நாம் ஒதுங்க முடியாது. இது சாதி ஒழிப்பு வேலை.

என்ன செய்யலாம்? எங்கள் பக்கத்தில் நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். கைது நடந்தால் ஜாமீன்தாரரைத் தேடுவதற்கு முன்னால் 'மாத்திரை ஏதாவது சாப்பிடறாரா?' என்று வீட்டில் கேட்கிறோம். ஓ.பி. சீட்டின் நகலை, ரிமாண்ட் நேரத்தில் ஆஜராகும் சட்ட உதவி வழக்கறிஞர் கையில் கொடுக்கிறோம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பட்டியல் சாதியினர், மாற்றுத்திறனாளி, காவலில் இருப்பவர் ஆகிய மூன்று வகைக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. எங்கள் ஆட்களில் பலர் மூன்றிலும் வருவார்கள். சிறை மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று மாஜிஸ்திரேட்டிடமே எழுத்தில் உத்தரவு கேட்கிறோம். விடுதலையாகி வந்தவரை மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வருகிற நாளில் காலனியிலிருந்து யாராவது ஒருவர் கூட்டிப் போகிறோம். எல்லாத் தடவையும் பெரியம்மாக்களே கூலியை விட முடியாது.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். இணைப்பு என்ற பேரில் ஆஸ்பத்திரி நோட்டைப் போலீஸ் மேசைக்குத் தூக்கிக் கொடுப்பதை நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது. 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டு மக்களைப் பட்டியல் எழுதிய கை அது. நாளைக்குக் காலனிக்கு ஒரு பைத்தியப் பட்டியல் எழுதி, திருட்டு எங்கே நடந்தாலும் அந்தப் பட்டியலில் இருந்து ஆளைத் தூக்கும். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது 2017 சட்டத்தின் 23-ஆம் பிரிவு தந்த உரிமை. சீட்டு ஆஸ்பத்திரியிலிருந்து கோர்ட்டுக்குப் போகட்டும். நோயாளியின், அவர் நம்புகிறவரின் சம்மதத்தோடு, அவரை விடுவிப்பதற்காகப் போகட்டும். அவரைப் பிடிப்பதற்காகப் போகக் கூடாது.

நம் இயக்கம் எஃப்.ஐ.ஆர். போட வைக்க நிறையப் போராடியிருக்கிறது. ஸ்டேஷன் முன்னால் உட்கார்ந்திருக்கிறோம், அடி வாங்கியிருக்கிறோம். ஆனால் மனம் கலங்கினவனை நாமும் 'அவன் கத வேற, விடுங்க' என்று கணக்கில் சேர்க்காமல் இருந்திருக்கிறோம். கூட்டத்துக்கு வர முடியாதவன், முழக்கம் போட முடியாதவன், சாட்சி சொன்னாலும் நம்பப்படாதவன். அவனை விட்டுவிட்டு விடுதலை என்று பேசினால் அது யாருக்கு விடுதலை? அடுத்த முறை உங்கள் பகுதியில் ஒருவரை ஜீப்பில் ஏற்றினார்கள் என்று கேள்விப்பட்டால், என்ன செக்‌ஷன் என்று கேட்கும்போதே எந்த டாக்டர் பார்க்கிறார் என்றும் கேளுங்கள். பதில் வருகிற வரைக்கும் ஸ்டேஷன் வாசலை விட்டு நகராதீர்கள்.